மாவு பிசையாத சனிக்கிழமை

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் திருவிருந்து. அதற்கு அப்பம் செய்கிறவள் அம்மா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மாதான். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்து கொடுத்த வேலை அல்ல அது. அப்போதிருந்த பாஸ்டரின் மனைவிக்குக் காய்ச்சல் வந்து, இந்த ஒரு முறை பார்த்துக்கொள்கிறாயா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். காய்ச்சல் இறங்கி, அந்தப் பாஸ்டர் மாற்றலாகிப் போய், அவருக்குப் பின் வந்தவரும் போன பிறகும் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதில் பெரிய கைப்பக்குவம் ஒன்றும் கிடையாது. மாவு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. புளிப்பு எதுவும் சேர்ப்பதில்லை. இரும்புக் கல்லில் தட்டையாகச் சுட்டு, ஆறிய பின் கத்தரிக்கோலால் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி எடுத்துப்போவாள். துணி அம்மாவுடையது. வேக வைத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும்படி மடித்து வைத்திருப்பாள். அம்மா வேலை பார்ப்பது ஒரு சலவைக் கடையில். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளுக்கு நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவளுக்கு இந்தத் துணி ஒரு கைக்குட்டை மாதிரி. ஆனாலும் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வாள்.

அப்பம் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், பல்லில் சற்று நின்று யோசித்துவிட்டுத்தான் உள்ளே போகும். அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கேட்கலாம். திருவிருந்தில் கேட்க முடியுமா?

கஷ்டமான வேலை மாவுக்கு முன்னால் இருந்தது. யார்மேலாவது மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அந்த மாவில் கை வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். காணிக்கை வைக்கும் முன் மனஸ்தாபம் உள்ளவனிடம் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்று வேதத்தில் சொல்லியிருப்பதை அம்மா மாவுக்கும் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் மாவை அளந்து அகலமான பாத்திரத்தில் கொட்டுவாள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த மாதத்தில் யார் யார்மேல் கோபப்பட்டாளோ அவர்களிடமெல்லாம் போய்ப் பேசித் தீர்த்துவிட்டு வந்துதான் தட்டைத் திறப்பாள். எங்கள் வீட்டில் இதற்குச் 'சுற்று' என்று பெயர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மா கோபப்பட்டது பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது. அம்மாவின் கோபம் சத்தம் போடுகிற கோபம் இல்லை, உள்ளேயே கொதிக்கிற கோபம். இவள் மன்னிப்புக் கேட்கப் போய் நின்ற பிறகுதான் எதிராளிக்கே விஷயம் தெரியவரும். கீழ்வீட்டுக்காரர் அம்மாவைப் படியில் பார்த்தாலே மனைவியைக் கூப்பிடுவார். "இந்தா, மேல்வீட்டம்மா வர்றாங்க. நாம என்ன பண்ணோம்னு கேட்டுக்கோ."

அப்பா இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவர், குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். முதல் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டுமென்றே அம்மாவை வம்புக்கு இழுப்பார். மறுநாள் காலையில் அம்மா அவர் முன்னால் வந்து நிற்பாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்து கேட்பார். "இன்னும் கொஞ்சம் உருக்கமா சொல்லு" என்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சித்தி வந்து சேர்ந்தாள்.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பாவுக்கு ஒரு பேக்கரியில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்து, இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தார்கள். சித்தியும் அதே பேக்கரியில் மாவுப் பகுதியில் சேர்ந்தாள். வீட்டிலும் கேக், பன் சுடுகிற அவன் அடுப்பு ஒன்று வைத்திருந்தாள். வேலை முடிந்து வரும்போது காகிதப் பையில் பன் கொண்டுவருவாள். சித்தி மூன்று மாடி ஏறி வருவதற்குள் வெண்ணெய் வாசனை முன்னால் ஏறி வந்துவிடும். படி நெடுகக் கதவுகள் திறக்கும். யாரையும் விடாமல் நின்று பேசி, கையில் ஒரு பன்னைத் திணித்து, எங்கள் வீட்டுக்கு வரும்போது பையில் பாதிதான் இருக்கும். அதே படியில் அத்தனை வருஷமாக ஏறி இறங்குகிறவள் அம்மா. அவளுக்காக ஒரு கதவும் திறந்ததில்லை, சனிக்கிழமை தவிர.

ஆரம்பத்தில் அம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பன்னை வாங்கித் தட்டில் வைப்பாள். "எனக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லித் தான் மட்டும் தொடமாட்டாள். சித்தி வரும் நாள்களில் மட்டும் அந்த வயிறு சரியில்லாமல் போவதை நான் கவனித்தேன். ஒருநாள் அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பைக்குள் பன் தூள் இருந்தது. அம்மா அந்தப் பையை வெளியே இழுத்துப் போட்டு, தூளை உள்ளங்கையில் கொட்டி, அப்பாவிடம் காட்டினாள். அப்பா கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார். வேறொருத்தியின் தலைமுடி சட்டையில் இருந்திருந்தால்கூட அம்மா அப்படிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

வீட்டு ஜெபத்திலும் அது தெரிந்தது. சாயங்காலம் நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஜெபிக்கும்போது அம்மா உறவுகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்வாள். முன்பெல்லாம் சித்தப்பாவையும் சித்தியையும் சேர்த்துச் சொன்னவள், இப்போது சித்தப்பாவை மட்டும் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, "அந்த வீட்டில் உள்ள மற்ற யாவரையும்" என்று முடித்தாள். அந்த வீட்டில் மற்றவர் என்று இருந்தது சித்தி ஒருத்திதான்.

சித்தி சபைக்குப் பாதி நாள் தாமதமாகத்தான் வருவாள். பேக்கரியில் ஞாயிறு காலை ஷிஃப்ட் உண்டு. முழங்கையில் மாவோடு ஓடிவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே பாட்டில் சேர்ந்துகொள்வாள். குரல் மட்டும் முதல் வரிசை வரை வரும். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பிரியத்தோடு சிரிப்பார்கள். ஆராதனை தொடங்குவதற்கு வெகு முன்பே வந்து இருக்கையெல்லாம் துடைத்துவிட்டு உட்காரும் அம்மாவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவள் எப்போதும் அங்கே இருப்பவள். சுவரை யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, இப்போதைய பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, அம்மாவை ஓரமாக அழைத்துப் போனார். நான் செருப்பு போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகள் அப்பத்தைக் கடிக்கச் சிரமப்படுகிறார்கள், வயதானவர்களுக்கும் பல் இல்லை, உங்கள் ஓரகத்தி கை பழகிய கை, இனிமேல் அவளையே செய்யச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், வரும் ஞாயிறு திருவிருந்துக்கு மட்டும் நீங்கள் செய்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அம்மாவின் தோளைத் தட்டி, "நீங்க எவ்வளவு நாளுக்குத்தான் பண்ணுவீங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

அம்மா சிரித்தாள். சிரிப்பு உடனே போய்விட்டது. பற்கள் மட்டும் வெளியே நின்றன.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "என்னை ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாங்க."

அந்த வாரம் கடையில் ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மேற்பார்வையாளர் திட்டியதைக்கூட வீட்டில் வந்து கோபமில்லாமல்தான் சொன்னாள். அவள் கோபமெல்லாம் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் மற்றவர்களுக்குக் கொடுக்க மிச்சமில்லை.

சனிக்கிழமை வந்தது. அம்மா மாவை அளந்து கொட்டித் தட்டைக் கவிழ்த்தாள். வழக்கமாக உடனே கிளம்பிவிடுகிறவள், அன்று சமையலறையிலேயே நின்றாள். ஏற்கெனவே துடைத்த மேடையைத் துடைத்தாள். அப்பா எட்டிப் பார்த்து, "என்ன, இந்த மாசம் ஊரே உன்னோட சமாதானமா இருக்கா?" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் செய்தித்தாளோடு உள்ளே போய்விட்டார்.

"பாப்பா, நீயும் வா" என்றாள் என்னிடம். பள்ளிப் படிப்பை நிறுத்திய பிறகு நான் வீட்டிலேயே இருந்ததால் எல்லாவற்றுக்கும் துணை நான்தான்.

சித்தி வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. ஏதோ பிறந்தநாள் கேக்குக்குச் சர்க்கரையும் வெண்ணெயும் குழைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முழங்கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மா நாற்காலியின் விளிம்பில், பஸ் வந்தால் ஓடிப்போய் ஏறுகிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"டீ போடறேங்க்கா."

"டீ வேணாம். டீ குடிச்சா சொல்ல மாட்டேன்."

"என்ன சொல்லணும்?"

அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "எனக்கு உன்மேல பொறாமை."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வெண்ணெய்க் கரண்டி பாத்திரத்துக்குள் மெதுவாகச் சாய்ந்தது.

"என்மேலயா? என்கிட்ட என்னக்கா இருக்கு? ஒரு வாடகை வீடு, ஒரு ஓட்டை அவன், அப்புறம் உங்க கொழுந்தனார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "அந்த அப்ப வேலையைத்தான் சொல்றேன். அடுத்த மாசத்துலருந்து நீதான் செய்யப்போறேன்னு பாஸ்டரம்மா சொன்னதுலருந்து எனக்கு உள்ள சரியில்ல. நீ ஒண்ணும் பண்ணலை. தெரியும். ஆனா உன்னைப் பார்த்தாலே எரியுது. அதை வச்சுக்கிட்டு நான் மாவுல கை வைக்க முடியாது. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். சித்தி சாய்ந்த கரண்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு மிகவும் மெதுவாக, "என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியேக்கா" என்றாள்.

"சொல்லலியா?"

"என்னையா செய்யச் சொல்றாங்க? திருவிருந்துக்கா?"

பாஸ்டரம்மா இன்னும் சித்தியிடம் வாயே திறக்கவில்லை. அம்மா தன் சுற்றில் எத்தனையோ பேரிடம் அவர்களுக்குத் தெரியாத கோபத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இந்த முறை நல்ல செய்தியையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சித்தியின் முகம் எங்கள் கண் முன்னாலேயே மலர்ந்தது. கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"நான் பாதி நாள் லேட்டா வர்றவ. என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். ஊருக்கெல்லாம் சுடறேன், இதுக்கு ஒரு நாள் சுட முடியுமான்னு வந்த புதுசுலருந்து ஆசை. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல." அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். பொறாமை என்று அம்மா சொன்னது அவள் காதில் நின்றதா என்றே தெரியவில்லை.

திரும்பி வரும்போது அம்மாவின் தோளில் வெண்ணெய்க் கை பதிந்திருந்தது. பாதித் தெரு வந்த பிறகு சொன்னாள். "நானே தட்டுல வச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன்." இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, "அழறா வேற" என்றாள்.

அன்று மாவு பாத்திரத்தில் அடி வாங்கிய சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். அந்த மாத அப்பம் மாதிரி கெட்டியான அப்பம் அதற்கு முன் வந்ததில்லை. ஞாயிறு மத்தியானம் அப்பா தாடையைத் தடவிக்கொண்டே, தன் கடைவாய்ப் பல் இன்னும் கோவிலில்தான் இருக்கிறது என்றார். அம்மா சிரிக்கவில்லை.

அதன் பிறகு வந்த மாதம் எங்கள் கட்டடமே பார்க்காத மாதம். அம்மாவுக்குத் திடீரென்று விடுதலை கிடைத்துவிட்டது. மாவு இல்லை, அதனால் சட்டமும் இல்லை. யார்மேல் கோபம் வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கீழ்வீட்டுக்காரர் படியில் சைக்கிள் நிறுத்தியதற்கு முதல்முறையாக வாய்விட்டே சொன்னாள். கடையில் மேற்பார்வையாளரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாஸ்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லும்போது கண் வேறு பக்கம் போனது. "இனிமே நான் ஃப்ரீ" என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சந்தோஷமாக இருப்பவள் போலத் தெரியவில்லை. லீவு விட்டும் எங்கும் போகத் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தாள்.

ஜெபத்தில் "மற்ற யாவரையும்" என்பதும் நின்றுபோனது. சித்தப்பாவோடு முடிந்தது.

அடுத்த திருவிருந்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்தார். டீ நன்றாக இருக்கிறது என்றார். அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"இல்லையே. சும்மாதான் சொன்னேன்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா எதுக்குச் சும்மா சொல்றீங்க? என்னைப் பார்த்தா பாவமா இருக்கா?"

அன்றைக்குத்தான் அவர்களுக்குள் நிஜமாகவே சண்டை வந்தது. அப்பா மரியாதையாக நடந்துகொண்டதற்கான சண்டை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்கள்.

அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது அந்த வெள்ளைத் துணிக்கு. மத்தியானமே அதை வேக வைத்துத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, அப்பத்தைத்தான் அவளைச் செய்யச் சொன்னார்கள், துணியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே என்றாள். மாவு டப்பாவும் நிறைந்திருந்தது. வழக்கம்போல அதையும் வாங்கி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அம்மா சமையலறையைக் கழுவினாள். அகலமான பாத்திரத்தைக் கீழே இறக்கினாள். துடைத்தாள். பிறகு திரும்ப மேலே வைத்தாள். அப்பா அடுத்த அறையில் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வாசனை வரவில்லை. கதவுகளும் திறக்கவில்லை. சித்தி வெறுங்கையோடு வந்து நின்றாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

"உள்ள வா" என்றாள் அம்மா.

"உட்கார நேரமில்லைக்கா. மாவை அளந்து மூடி வச்சிட்டு வந்திருக்கேன்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "காலையிலருந்து அலையறேன். பேக்கரியில ஒரு பொண்ணுகிட்டப் பேசாம இருந்தேன், அவகிட்டப் போனேன். உங்க கொழுந்தனார்கிட்டதான் ரொம்ப நேரம் ஆயிடுச்சு. அவர் பாட்டுக்குக் கல்யாணத்துலருந்து ஆரம்பிச்சுட்டார்."

அன்று சித்தியின் காதில் எல்லாமே நின்றிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"கடைசியா உங்ககிட்ட வந்தேன். உங்களுக்கு இன்னும் என்மேல மனசுல ஏதாவது இருக்காக்கா? இருந்தா சொல்லிடுங்க. அதை விட்டுட்டு நான் பிசைய முடியாது."

பக்கத்து அறையில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்றது.

இதற்கு அம்மா சொல்லக்கூடியவை இரண்டுதான். இல்லை என்றால் அது பொய். இருக்கிறது என்றால் சித்தி மாவைத் தொடமாட்டாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, திரும்பிப் போய் மூடியதை மூடியபடியே வைத்துவிடுவாள். அப்புறம் சபைக்கு அப்பம் வேண்டும். எங்கள் டப்பாவில் மாவு இருந்தது. அம்மா நினைத்தால் அத்தனை வருஷ வேலையும் அந்த மத்தியானமே திரும்ப அவள் கைக்கு வந்துவிடும். அதற்கு அவள் பொய்கூடச் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொன்னாலே போதும்.

அம்மா மாவு டப்பாவைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். அவளுக்கும் இது தோன்றியிருக்கிறது.

"இருக்கு" என்றாள்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். "சரிக்கா" என்று திரும்பினாள்.

"நில்லு. நான் முடிக்கல." அம்மா கதவு வரை வந்தாள். "இருக்கு. இல்லைன்னு உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். போன மாசத்தைவிட இப்ப அதிகமாவே இருக்கு. ஆனா அதுல நீ பண்ணது ஒண்ணும் இல்ல. அது என்னோடது, நான் பார்த்துக்கறேன். நீ போய்ப் பிசை."

"இருக்குங்கறீங்க, போய்ப் பிசைங்கறீங்க. நான் எதைக் கேக்கறது?"

"ரெண்டையும் கேளு."

சித்தி அப்படியே நின்றாள். அம்மா உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். வெள்ளைத் துணியை இரண்டு கையிலும் ஏந்தி எடுத்து வந்தாள். கொடுக்கும்போது விரல்கள் உடனே விடவில்லை. சித்தி இழுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் துணி இரண்டு பேர் கையிலும் இருந்தது.

"ஆறின அப்புறம் மூடு. சூட்டோட மூடினா வேர்த்துடும்" என்றாள் அம்மா. பிறகு விட்டாள்.

சித்தி துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பாதிப் படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மறுபடியும் அழறா" என்றாள் அம்மா. அவள் கண்ணும் நன்றாக இல்லை.

பிறகு சமையலறைக்கு வந்து நின்றாள். செய்ய ஒன்றும் இல்லை. மேடை காய்ந்து பளிச்சென்று கிடந்தது. அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. நான் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள், ஈரமே இல்லாத கையை. நேராக அப்பா முன்னால் போய் நின்றாள்.

"நேத்து நான் பேசினது தப்பு."

அப்பா மின்விசிறி இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். செய்தித்தாள் இல்லை, ராஜா மாதிரி உட்காரவும் இல்லை.

"இந்த மாசம்தான் மாவு இல்லையே" என்றார்.

"இல்லைன்னா?"

அம்மா வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். ஒன்று கதவுக்குப் பின்னால் கிடந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன்.

"கதவைச் சாத்திக்கோ, பாப்பா. கீழ்வீட்டுல முதல்ல. அப்புறம் கடைக்குப் போகணும், அந்த மேற்பார்வையாளர் மத்தியானம் வரைக்கும்தான் இருப்பார். பாஸ்டரம்மா வீடு கடைசி." ஒரு படி இறங்கி நின்றாள். "இந்த மாசம் நிறையச் சேர்ந்துபோச்சு."

கீழே கதவு தட்டும் சத்தமும், கீழ்வீட்டுக்காரர் தன் மனைவியைக் கூப்பிடுவதும் கேட்டது.

மறுநாள் திருவிருந்தில் சித்தியின் அப்பம். சித்தி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு நேரத்துக்கு வந்திருந்தாள், கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். தட்டின் மேல் எங்கள் துணி இருந்தது. மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது. அம்மாவின் பார்வை அந்த மூலையிலேயே இருந்தது. எழுந்து போய்ச் சரிசெய்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். போகவில்லை. தட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது கண்ணை மூடி வாங்கிக்கொண்டாள். அது வாயில் வைத்ததும் கரைந்தது. சின்னப் பிள்ளைகள் யாரும் முகம் சுளிக்கவில்லை. அம்மா வெகுநேரம் மென்றாள். மெல்ல அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் மென்றாள்.

வெளியே வந்ததும் சித்தி ஓடிவந்து துணியைக் கொடுத்தாள், பந்து மாதிரி சுருட்டி. அம்மா அதை வாங்கி, அங்கேயே உதறி, நாலாக மடித்துக்கொண்டாள். துவைத்து வைக்கிறேன், அடுத்த மாதம் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றாள்.

அப்பா படி ஏறும் வரை பொறுத்திருந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"உப்பு கம்மி" என்றாள் அம்மா.

மூன்றாவது மாடிக்கு வந்து, பூட்டில் சாவியைப் போட்டபடி, பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவள் மாதிரி சொன்னாள். "மெத்துன்னு இருந்துச்சு."

சாயங்காலம் ஜெபத்தில் சித்தப்பாவைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். அப்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, சித்தியின் பெயரைச் சொன்னாள். குளியலறையில் வெள்ளைத் துணி வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.